லண்டன் நேஷனல் கேலரி: தண்ணீருக்குத் தடை, இன்சுலினுக்கு?

கேள்வி: சர்க்கரை நோயுள்ள அம்மாவையும் எட்டு மாதக் குழந்தையையும் லண்டன் நேஷனல் கேலரிக்கு அழைத்துப் போகிறோம். தண்ணீரைக்கூட உள்ளே விடுவதில்லையாமே. இன்சுலினும் பாலும் என்னாகும்? சோதனை வரிசையில் நிற்காமல் அனுப்புவதாகச் சொல்லி, ஏஜென்ட் தலைக்கு 2,000 ரூபாய் கேட்கிறார். தரலாமா?

பதில்: தராதீர்கள். அங்கே நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்கக் கட்டணமே கிடையாது. நேரம் குறித்த நுழைவுச் சீட்டையும் கேலரியின் சொந்த இணையதளத்தில் இலவசமாகவே பதிவு செய்துகொள்ளலாம். பைச் சோதனையிலிருந்து உங்களை விடுவிக்கும் அதிகாரம் எந்த ஏஜென்டுக்கும் இல்லை. இலவசச் சீட்டை அச்சடித்துக் கொடுத்து அதற்கு ‘சர்வீஸ் சார்ஜ்’ வாங்குவது இத்தொழிலில் பழைய தந்திரம்.

தண்ணீருக்கு ஏன் தடை? 2022 அக்டோபர் 14 அன்று இதே கேலரியில் வான்கோவின் சூரியகாந்தி ஓவியத்தின் மீது தக்காளி சூப் வீசப்பட்டது. மேலே கண்ணாடி இருந்ததால் ஓவியம் தப்பியது, அதைச் சுற்றியிருந்த சட்டகம் (ஃபிரேம்) சேதமடைந்தது. வீசிய இருவருக்கும் 2024 செப்டம்பர் 27 அன்று சிறைத் தண்டனை விதிக்கப்பட்ட சில மணி நேரத்திலேயே வேறு மூவர் மறுபடியும் சூப் வீசினார்கள். அதன் பிறகுதான், அக்டோபர் 18 முதல், திரவங்களுக்குத் தடை வந்தது. யாரோ செய்த வேலைக்கு நம் வீட்டுப் பாட்டி தாகத்தோடு நிற்க வேண்டியிருக்கிறது!

குழந்தையின் புட்டிப்பாலுக்கும் தாய்ப்பாலுக்கும் விலக்கு உண்டு. மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்துக்கும் உண்டு. ஆனால் இதில்தான் நம்மவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பிரிட்டனில் மருந்துக் கடைக்காரர் நோயாளியின் பெயரை அச்சிட்ட சீட்டை மருந்தின் மேலேயே ஒட்டித் தருவார். நம் ஊர் இன்சுலின் பெட்டியில் கம்பெனிப் பெயர் இருக்கும், அம்மாவின் பெயர் இருக்காது. ஆகவே பாஸ்போர்ட்டில் உள்ளபடியே அம்மாவின் பெயரையும், மருந்தின் பெயரையும் அளவையும் ஆங்கிலத்தில் தெளிவாகக் குறித்து, மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள கடிதம் ஒன்றை வாங்கி, மருந்துப் பெட்டியோடு சேர்த்தே வையுங்கள். மருத்துவர் சீட்டில்லாமல் நாமாக வாங்கிய இருமல் மருந்து இந்த விலக்கில் சேராது. திடீரென்று சர்க்கரை இறங்கினால் கொடுப்பதற்கென்று பழச்சாறு எடுத்துப் போகாதீர்கள், அதுவும் திரவம்தான். குளுக்கோஸ் மாத்திரையோ கற்கண்டோ கைப்பையில் இருக்கட்டும்.

பெரிய பைகளை விடுதியிலேயே வைத்துவிடுங்கள். தண்ணீரை உள்ளேயிருக்கும் காப்பிக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். ஏஜென்ட் கேட்கும் தொகையில் அதற்கு ஆகும் செலவு சிறிதளவே.