பொய்த்தகவலும் நம் தேர்வுகளும்: கேள்வி பதில்

கேள்வி: பொய்த்தகவலைத் தெரியாமல் ஃபார்வர்டு செய்வதும் வேண்டுமென்றே செய்வதும் ஒன்றுதானே?

பதில்: படிப்பவருக்கு நேரும் கெடுதி ஒன்றாக இருக்கலாம், தடுக்கும் வழி வேறு. தெரியாமல் அனுப்பியவரிடம் சரியான விவரத்தைக் காட்டினால் நிறுத்த வாய்ப்புண்டு. திட்டமிட்டுப் பரப்புபவர் அதே பொய்க்கு வேறு சட்டை மாட்டிக்கொண்டு வருவார். மூன்றாவது வகை ஒன்றும் உண்டு: உண்மையோ பொய்யோ கவலையே இல்லாமல் அளந்துவிடுபவர். உண்மைக்குப் பொய்யரைவிட இவரே பெரிய எதிரி என்று 1986இல் தத்துவ அறிஞர் ஹாரி ஃபிராங்க்ஃபர்ட் எழுதினார். மறைப்பதற்காகவாவது பொய்யருக்கு உண்மை எது என்று தெரிந்திருக்க வேண்டும். அளப்பவருக்கு அதுவும் வேண்டாம்.

கேள்வி: சொன்ன எண்கள் எல்லாம் சரி. அப்போதும் அது பொய்த்தகவலா?

பதில்: ஆகலாம். "மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் பாதிப்பேர் தடுப்பூசி போட்டவர்கள், அப்புறம் எதற்கு ஊசி?" என்று ஒரு செய்தி வருவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 1000 பேர். 900 பேர் ஊசி போட்டவர்கள், 100 பேர் போடாதவர்கள். இரு பக்கமும் தலா 9 பேர் மருத்துவமனையில் சேர்ந்தால் பாதிக்குப் பாதி என்பது உண்மைதான். ஆனால் போட்டவர்களில் நூற்றுக்கு 1, போடாதவர்களில் நூற்றுக்கு 9. எந்த எண்ணும் பொய்யில்லை. 'எத்தனை பேரில்' என்பதை மட்டும் எடுத்துவிட்டார்கள். சதவீதம் கண்ணில் பட்டால் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: விஷயம் தெரிந்தவரை ஏமாற்ற முடியாதுதானே?

பதில்: முடியும். திரும்பத் திரும்பக் கேட்ட வாக்கியம் உண்மையாகத் தோன்றும் என்பதை 1977இல் ஹாஷர், கோல்ட்ஸ்டீன், டோப்பினோ என்ற மூன்று உளவியல் ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டினார்கள். சரியான விடை தெரிந்தவர்களையும் இது விடுவதில்லை என்று 2015இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. பழகிய வாக்கியத்தை மனம் சிரமமில்லாமல் வாங்கிக்கொள்கிறது. அந்தச் சுலபத்தையே உண்மை என்று எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: படம் இருந்தால் நம்பலாமா?

பதில்: படம் அசலாகவே இருக்கும், தேதியும் இடமும் பொய்யாக இருக்கும். சொல்லுக்குப் பதில் படத்தையே கொடுத்து இணையத்தில் தேடும் தலைகீழ் படத்தேடலில் போட்டு, அது முதலில் எப்போது வெளியானது என்று பாருங்கள்.

கேள்வி: பொய் என்று நிரூபித்த பிறகும் ஏன் மனம் மாறுவதில்லை?

பதில்: 1994இல் ஜான்சனும் சைஃபர்ட்டும் நடத்திய ஆய்வில், ஒரு கிடங்குத் தீ பற்றிய செய்தியைப் படிக்கக் கொடுத்தார்கள். அலமாரியில் பெயிண்டும் எரிவாயு சிலிண்டரும் இருந்ததாக முதலில் வரும். பிறகு அலமாரி காலி என்று திருத்தம் வரும். திருத்தத்தை நினைவில் வைத்திருந்தவர்கள்கூட, புகைக்குக் காரணம் கேட்டால் பெயிண்டையே இழுத்தார்கள். வேறொரு காரணத்தைக் கொடுத்தபோதுதான் அது குறைந்தது. 'இல்லை' என்று மட்டும் சொன்னால் கதையில் ஓட்டை விழுகிறது. மனம் அதைப் பழைய பொய்யாலேயே அடைத்துவிடுகிறது.

அதனால் உண்மையை முதலில் சொல்லுங்கள். பிறகு, பொய் என்று எச்சரித்துவிட்டு ஒரே ஒருமுறை பொய்யைக் குறிப்பிடுங்கள். அது எங்கே ஏமாற்றுகிறது என்று காட்டி, மறுபடி உண்மையில் முடியுங்கள். பொய்யையே தலைப்பாகக் கொட்டை எழுத்தில் போடுவதுதான் பலரும் செய்யும் தவறு.

கேள்வி: யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அப்படியானால் தேர்வு என்னுடையதுதானே?

பதில்: மிரட்டுபவர் வழிகளை அடைக்கிறார். ஏமாற்றுபவர் வழிகளைத் திறந்தே வைத்துவிட்டு, எதை வைத்து முடிவெடுக்கிறீர்களோ அந்தக் காரணங்களை மாற்றிவிடுகிறார். கை உங்களுடையது, கணக்கு அவருடையது. அதைவிட மோசமானது, நம்பவைக்காமலேயே வேலையை முடிப்பது. "சந்தேகம்தான் நம் சரக்கு" என்கிறது பிரௌன் அண்ட் வில்லியம்சன் சிகரெட் நிறுவனத்தின் 1969ஆம் ஆண்டு உள்குறிப்பு. சிகரெட் நல்லது என்று யாரும் நம்ப வேண்டியதில்லை. 'இன்னும் முடிவாகவில்லையே' என்று தோன்றினால் போதும், புகைப்பவர் விடுவதைத் தள்ளிப்போடுவார்.

கேள்வி: அப்படியானால் சந்தேகமே படக்கூடாதா?

பதில்: தாராளமாகப் படலாம். எந்தச் சான்று கிடைத்தால் அந்தச் சந்தேகம் தீரும் என்று சொல்ல முடிய வேண்டும். எதைக் காட்டினாலும் தீராது என்றால், அது உங்களுக்குள் வந்த சந்தேகம்தானா, யாராவது கொண்டுவந்து வைத்ததா என்று பாருங்கள்.