நடுராத்திரி அலாரமும் அப்பா படுக்கிற பக்கமும்

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது, காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு. 12 வருடமாகச் சர்க்கரை. நான் ஓசூரில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். போன மாதம் சர்க்கரையை ராத்திரி பகலாக அளக்கிற சென்சாரை அவர் இடது கையில் ஒட்டி, அளவு என் போனிலும் தெரியும்படி செய்தேன். வாரத்தில் மூன்று நாலு நாள் ராத்திரி 2 மணிக்கு 55, 58 என்று அலாரம் அடிக்கிறது. உடனே அம்மாவை எழுப்பி, சர்க்கரை போட்ட பால் கொடுக்கச் சொல்கிறேன். காலையில் பார்த்தால் 250. சென்சார் கோளாறா, மாத்திரை கோளாறா? ஊசியே குத்தாமல் சர்க்கரை காட்டும் வாட்ச் வாங்கலாமா?

பதில்: தம்பி, அப்பா எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறார் என்று அம்மாவிடம் கேளுங்கள். இடது பக்கம் என்றால் பாதிப் பதில் கிடைத்துவிட்டது. சென்சாரில் முடி போன்ற ஓர் இழை தோலுக்கடியில் இருக்கிறதே, அது ரத்தத்தைத் தொடுவதில்லை, திசுக்களுக்கு நடுவில் இருக்கிற நீரில்தான் சர்க்கரையை அளக்கிறது. அந்தக் கை மேல் உடம்பு பாரம் முழுக்க அழுந்தினால் அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறைந்து, உடம்பில் 120 இருந்தாலும் சென்சார் 58 காட்டும். போனில் கோட்டைப் பாருங்கள். சட்டென்று செங்குத்தாக விழுந்து, அவர் புரண்டு படுத்ததும் அதே வேகத்தில் மேலே வந்திருந்தால் பெரும்பாலும் இதுதான். அடுத்த சென்சாரை அவர் அழுத்திப் படுக்காத கையில் ஒட்டுங்கள்.

ஆனால் இதை வைத்து 'எல்லாம் பொய் அலாரம்' என்று முடிவுகட்டிவிட வேண்டாம். கோடு சாயங்காலத்திலிருந்தே மெல்ல மெல்ல இறங்கி 70-க்குக் கீழேயே கிடந்தால் அது நிஜமான லோ சுகர். மாங்காய் பறிப்பு சமயத்தில் பகல் முழுக்கத் தோப்பில் உழைத்துவிட்டு, ஆறரை மணிக்கே ஓர் உருண்டை களி சாப்பிட்டுப் படுத்துவிடுகிறவர்களுக்கு இது வரும், ஏனென்றால் உழைப்பு சர்க்கரையை இறக்குவது அன்று ராத்திரி வரைக்கும் தொடரும்.

அலாரம் அடித்தால் அம்மா முதலில் அப்பாவை எழுப்பி, விரலில் குத்தி குளுக்கோமீட்டரில் பார்க்கட்டும். 70-க்குக் கீழே இருந்தால், அல்லது வேர்வை, நடுக்கம், குழறல் இருந்து மீட்டர் கைக்கு எட்டவில்லை என்றால், 3 டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பால் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்து மறுபடி விரலில்தான் பார்க்க வேண்டும். சென்சார் எப்போதும் 5, 10 நிமிடம் பின்தங்கியே வரும், இன்னும் குறைவாகக் காட்டுகிறதே என்று பதறி இரண்டாவது டம்ளர், மூன்றாவது டம்ளர் என்று கொடுத்தால் காலையில் 250-தான். நினைவு இல்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

அப்புறம் மாத்திரை. எனக்கு இதில்தான் அதிகக் கவலை. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் தொடங்கியதே நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான், அதில் மாத்திரை வீட்டுக்கே வருவது எத்தனையோ பேருக்குப் பெரிய உதவி. ஆனால் சிலர் அதையும் போட்டுக்கொண்டு, தனியார் டாக்டர் எழுதியதையும் சேர்த்துப் போடுகிறார்கள், அட்டையில் பெயர் வேறாக இருக்கும், உள்ளே மருந்து ஒன்றே. அப்பாவிடம் இருக்கிற எல்லா அட்டைகளையும் திருப்பி சின்ன எழுத்தைப் படியுங்கள். சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடக்கூடிய கிளிமிபிரைடு அல்லது கிளிபென்கிளமைடு இரண்டு அட்டையில் இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் லோ சுகர் வருவது அரிது. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் ஒருமுறை பாருங்கள், கிட்னி தளர்ந்திருந்தால் மாத்திரை உடம்பிலேயே தங்கி ராத்திரியில் இறக்கும்.

வாட்ச் வேண்டாம். தோலைத் துளைக்காமல் தானாகவே சர்க்கரை அளக்கிறதாகச் சொல்லும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தருகிற அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியிலேயே எச்சரித்திருக்கிறது. அந்தக் காசுக்கு மீட்டருக்கு ஸ்ட்ரிப் வாங்கி, அம்மா தலைமாட்டில் வையுங்கள். நாலு ராத்திரி அலாரம் அடித்த நேரம், சென்சார் அளவு, விரல் அளவு மூன்றையும் ஒரு தாளில் எழுதி, மாத்திரைப் பையோடு உங்கள் டாக்டரிடம் போங்கள். அதுவரை அலாரத்தை அணைத்துவிடாதீர்கள்.