டிரே பிராசசரா, பாக்ஸ் பிராசசரா? ஓஇஎம் பாகங்களை எங்கே எடுக்கலாம், எங்கே கூடாது

கேள்வி: சோமனூர் பக்கம் எங்களுக்கு விசைத்தறி இருக்குதுங்க. மகள் திருப்பூர் கம்பெனிகளுக்கு பனியன் பிரிண்டிங் டிசைன் செய்து கொடுக்கிறாள். வீட்டிலிருந்தே வேலை பார்க்க கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யலாம் என்று கோவை காந்திபுரத்தில் கொட்டேஷன் வாங்கினோம். கோர் ஐ5-12400 பிராசசர் பாக்ஸ் என்றால் ஒரு விலை, டிரே என்றால் 1,700 ரூபாய் குறைவு. ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி, விண்டோஸ் இரண்டுக்கும் ஓஇஎம் என்று போட்டிருக்கிறார்கள். ஓஇஎம் என்றால் டூப்ளிகேட்டா? விலை குறைவாக இருப்பதையே எடுக்கலாமா?

பதில்: டூப்ளிகேட் இல்லைங்க. டெல், ஹெச்பி, லெனோவா போன்ற கம்பெனிகள் கம்ப்யூட்டர் செய்ய மொத்தமாக வாங்கும் பாகம்தான் ஓஇஎம். அட்டைப்பெட்டி, சூட்டைத் தணிக்கும் கூலர், கையேடு எதுவும் இல்லாமல் தட்டுத் தட்டாக வரும். பிராசசரில் இதைத்தான் டிரே என்கிறார்கள். அதில் ஒரு பகுதி கடைகளுக்கும் வந்து சேர்கிறது. சிப் ஒன்றுதான், வேகமும் ஒன்றுதான். பழுதானால் யார் பொறுப்பு என்பதில்தான் வித்தியாசம். பெட்டியோடு விற்கும் ரீடெயில் பாகத்துக்குத் தயாரித்த கம்பெனியே உங்களுக்கு நேரடியாகப் பொறுப்பு. ஓஇஎம் பாகத்துக்கு, கம்ப்யூட்டரைச் சேர்த்துக் கொடுத்தவர் பொறுப்பு. உங்கள் விஷயத்தில் அது அந்தக் காந்திபுரம் கடை.

பாக்ஸ் பிராசசருக்கு இன்டெல் 3 வருஷ வாரண்டி தருகிறது. டிரே என்றால் வாங்கிய கடைக்குத்தான் போக வேண்டும். 2024-ல் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் பலவற்றில் வோல்டேஜ் கோளாறு வந்து கம்ப்யூட்டர்கள் அடிக்கடி நின்றுபோனபோது இது நன்றாகத் தெரிந்தது. பாக்ஸ் வாங்கியவர்களுக்கு இன்டெல் மேலும் 2 வருஷம் வாரண்டி கொடுத்தது. டிரே வாங்கியவர்களை, வாங்கிய இடத்தில் கேட்கச் சொன்னது. உங்களுடைய 12400-க்கு அந்தக் கோளாறு இல்லை, அதனால் பயம் வேண்டாம்.

பொதுவாகவே பிராசசர் பழுதாவது அபூர்வம். அதனால் நம்பிக்கையான கடையில் டிரே எடுப்பதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் 12400 பாக்ஸுக்குள் தெர்மல் பேஸ்ட் (பிராசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பசை) தடவிய கூலர் சேர்ந்தே வரும், டிரேயில் வராது. கூலர் விலையைக் கூட்டிய பிறகு 1,700-இல் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். தறி ஓடும் வீடு என்பதால் இன்னொன்றும் யோசிக்க வேண்டும். பஞ்சுத் தூசி கூலரின் தகடுகளுக்கு நடுவில் போய்ச் சேர்ந்து கம்பளி மாதிரி அடைத்துக்கொள்ளும். ஃபேன் சத்தமாகச் சுற்றும், சூடு மட்டும் இறங்காது. அதற்காகப் பெரிய டவர் கூலராகத்தான் போடப்போகிறீர்கள் என்றால் பாக்ஸில் வரும் சின்னக் கூலருக்குக் காசு கொடுப்பது வீண், டிரேயே சரி. தனிக் கூலர் வாங்கும் எண்ணம் இல்லையென்றால் பாக்ஸ் எடுங்கள். எந்தக் கூலரானாலும் தகடுகளை அடிக்கடி ஊதிச் சுத்தம் செய்தாக வேண்டும்.

பாக்ஸ் எடுத்தால் கடையிலேயே ஒரு வேலை செய்யுங்கள். பெட்டி லேபிளில் இருக்கும் பேட்ச் நம்பரும் பிராசசரின் உலோக மூடியில் பொறித்த நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். கூலர் மாட்டிவிட்டால் பேஸ்ட் மூடிவிடும், நம்பர் தெரியாது. அதனால் மாட்டும் முன்பே பார்த்து செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

எஸ்எஸ்டியில் மட்டும் ஓஇஎம் வேண்டவே வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். உங்கள் மகளின் உழைப்பு முழுக்க அதில்தான் இருக்கப்போகிறது. வாரண்டி ஒரு பக்கம் இருக்கட்டும், ஃபர்ம்வேர் (டிரைவுக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருள்) அப்டேட்டைப் பாருங்கள். சாம்சங் 980 ப்ரோ 2 டிபி மாடலில் ஃபர்ம்வேர் கோளாறால் டிரைவில் புதிதாக எதையும் சேமிக்க முடியாத நிலை வந்தது. ரீடெயில் வாங்கியவர்கள் சாம்சங் மெஜீஷியன் மென்பொருளில் அப்டேட் போட்டுக்கொண்டார்கள். அதே குடும்பத்து ஓஇஎம் டிரைவ் பிஎம்9ஏ1. அதற்கு மெஜீஷியன் வழியாக அப்டேட் கிடைக்காது, கம்ப்யூட்டர் கம்பெனிகள் வழியாகத்தான் வரும். அசெம்பிள் செய்தவருக்கு அப்படி ஒரு கம்பெனியே இல்லையே.

புது லேப்டாப்பிலிருந்து கழற்றியதும், பழையதிலிருந்து கழற்றியதும் ஓஇஎம் என்ற ஒரே பேரில் விற்பனைக்கு வருவதும் உண்டு. எந்த டிரைவ் வாங்கினாலும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்து 'பவர் ஆன் ஹவர்ஸ்' (டிரைவ் இதுவரை ஓடிய மணி நேரம்) பாருங்கள். புதுசு என்றால் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். நூற்றுக்கணக்கில் காட்டினால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ரேம் ரீடெயிலாகவே எடுங்கள். பல பிராண்டுகள் ஆயுள் முழுக்க வாரண்டி தருகின்றன. கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸும் அப்படியே. பிராண்டட் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய எஸ்எம்பிஎஸ் சிலவற்றில் கனெக்டரே வேறு மாதிரி இருக்கும், உங்கள் மதர்போர்டில் (பாகங்கள் எல்லாம் மாட்டும் பலகை) பொருந்தாது. தறிகள் ஓடும் ஊரில் கரண்ட் ஏறி இறங்குவது உங்களுக்கே தெரியும். 80 பிளஸ் (மின்சாரத்தை வீணாக்காததற்கான தரச்சான்று) முத்திரை உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ், கூடவே ஒரு யுபிஎஸ். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

ஓஇஎம் விண்டோஸ் முதலில் போட்ட மதர்போர்டோடு கட்டுப்பட்டது. நாளைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினால் அதற்கு மாற்ற முடியாது. ரீடெயில் என்றால் பழையதில் எடுத்துவிட்டுப் புதியதில் போட்டுக்கொள்ளலாம். ஐந்தாறு வருஷம் இதே கம்ப்யூட்டர்தான் என்றால் ஓஇஎம் போதும். ஆனால் சில நூறு ரூபாய்க்கு வாட்ஸ்அப்பில் வரும் கீயை யாரும் ஓஇஎம் என்று சொன்னால் நம்பாதீர்கள். வேறு நிறுவனத்துக்குக் கொடுத்த லைசென்ஸ் பிரித்து விற்கப்படுவதாக இருக்கலாம், திடீரென்று செல்லாமல் போகும்.

எதை எடுத்தாலும் ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் வாரண்டி எத்தனை வருஷம் என்பதும் இருக்கட்டும். டிரே பிராசசருக்கு நேராக 'பழுதானால் கடை மாற்றித் தரும்' என்று எழுதி வாங்குங்கள். பின்னால் தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லவும் அந்த எழுத்துதான் துணை. எழுதித் தர மாட்டேன் என்றால் அந்தக் கடையில் பாக்ஸ் மட்டும் வாங்குங்கள்.