முடிச்சுப் போடும் கை

அன்புள்ள ஐயா,

நான் நாடகமும் அரங்கியலும் படிக்கிறேன். மகனைக் கடலில் பறிகொடுத்த தகப்பனாக நடிக்கப் போகிறேன். மேடையேற்றத்துக்கு இன்னும் இரண்டு மாதம். அமெரிக்க நடிகர் ரொபேர்ட் டி நீரோ ஒரு பாத்திரத்துக்காக 27 கிலோ எடை கூட்டினார் என்று வாசித்தபின், மெலிவதற்காக ஒரு நேரச் சாப்பாட்டை விட்டிருக்கிறேன். இரவில் தனியே இருந்து அழுதும் பழகுகிறேன். இது போதுமா?

சி., கோண்டாவில்

அன்புள்ள தம்பி,

முதலில் அந்தச் சாப்பாட்டைத் திரும்பச் சாப்பிடத் தொடங்குங்கள். 1980இல் வந்த ‘ரேஜிங் புல்’ படத்தில் டி நீரோ நடித்த குத்துச்சண்டை வீரர் பிற்காலத்தில் பருத்துப்போனவர், எடை அதற்காக. அதற்கு முன் அந்த வீரரிடமே போய்க் குத்துச்சண்டை பழகினார். எங்களுக்குக் கிலோக்கணக்கு மட்டும் நினைவில் நிற்கிறது.

பழகுதல் எங்கள் கூத்தின் சொல். யாழ்ப்பாணக் கரையோரக் குருநகரிலும் பாசையூரிலும் கடற்றொழிலுக்குப் போய் வந்தவர்கள் இரவில் கூடி மாதக்கணக்கில் கூத்துப் பழகியிருக்கிறார்கள். கூத்தைப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் பாட, பாத்திரக்காரர் திருப்பிப் பாடுவார். பாட்டும் ஆட்டமும் உடம்பில் ஊறிய பிறகே பாத்திரத்தின் துக்கம் குரலில் வந்து இருக்கும். 1938இல் காலமான ரஷ்ய நாடக நெறியாளர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியும் கடைசிக் காலத்தில் இதற்குக் கிட்டத்தான் வந்து சேர்ந்தார்: உணர்ச்சியை நேரே கூப்பிடாமல், பாத்திரம் செய்யும் சின்னச் செயல்களை உண்மையாகச் செய்யச் சொன்னார்.

உங்கள் தகப்பன் என்ன செய்வார்?

பாசையூர்க் கரையில் ஒரு முதியவர் வலை பொத்திக்கொண்டிருக்க, பக்கத்தில் இருந்து கதைத்திருக்கிறேன். கடலுக்குப் போய்த் திரும்பாத மகனைப் பற்றி அவராகவே சொன்னார். குரல் மாறவில்லை, கையும் நிற்கவில்லை. மகனின் பெயர் வந்த இடத்தில் ஒரு முடிச்சு மட்டும் பிழைத்தது. அதை அவிழ்த்து, திரும்பப் போட்டுவிட்டு, வாடைக்காற்றைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். எனக்குத்தான் தொண்டை அடைத்தது. அந்தப் பிழைத்த முடிச்சை எந்த அழுகைப் பயிற்சியும் உங்களுக்குத் தராது. சரியான முடிச்சு கைக்கு வந்தவனால்தான் அதைப் பிழையாகவும் போட முடியும்.

ஆகவே கரைக்குப் போங்கள். குறிப்புப் புத்தகமும் போனும் வேண்டாம், அவர்கள் அனுமதித்தால் வேலையில் ஒரு கை கொடுங்கள். மகனை இழந்தவர் யாரென்று தேடி விசாரிக்காதீர்கள், அது அவர்களுடைய துக்கம். வலை ஊசியில் நூல் கோர்க்கப் பழகுங்கள். உங்கள் விரல் அதைப் பாராமல் செய்யும் நாளில் வசனத்தைக் கையில் எடுங்கள். இரண்டு மாதம் அதற்குக் காணும்.