மெயிலில் வந்த ஒன்பது விருதுகள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், என் அத்தை முப்பது வருஷமாகக் கூடையில் மீன் சுமந்து விற்கிறார். அவரைப் பற்றி நானும் தம்பியும் செல்போனிலேயே 22 நிமிட ஆவணப்படம் எடுத்தோம். இணையத்தில் பணம் கட்டி 14 விழாக்களுக்கு அனுப்பினோம், 9 இடத்திலிருந்து விருது என்று மெயில் வந்தது. எந்த ஊரில், எந்த அரங்கில் திரையிட்டீர்கள் என்று கேட்டால் பதிலே இல்லை. கோப்பை வேண்டுமானால் தனியாக 6,000 ரூபாயாம். கட்டலாமா?
- ஒரு வாசகி, தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: கட்டாதீர்கள். அந்தப் பணத்தில் நீங்களும் தம்பியும் திருவனந்தபுரம் போய் ஒரு நிஜ விழாவைப் பார்த்துவிட்டே வரலாம்.

மாதாமாதம் போட்டி, ஒவ்வொரு மாதமும் நாற்பது ஐம்பது பிரிவு, பிரிவுக்கு ஒரு கட்டணம், கேட்டவர்களுக்கெல்லாம் போஸ்டரில் ஒட்டிக்கொள்ள இலைவளையம் போட்ட ஒரு விருது முத்திரை என்று நடத்துகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு வருமானமே நீங்கள் கட்டுகிற கட்டணம்தான், பார்வையாளர் என்று ஒருவர் அங்கே தேவையே இல்லை. நுழைவுக் கட்டணம் கேட்டாலே மோசடி என்று சொல்லவில்லை, நல்ல விழாக்கள் சிலவும் வாங்குகின்றன. நீங்கள் பார்க்க வேண்டியது போன வருஷ அட்டவணை. எந்தத் தியேட்டர், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு எந்தப் படம், நடுவர்கள் யார் யார் என்று அதில் இருக்கும். அது இல்லாத இடத்துக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

கேரள மாநில சலச்சித்திர (திரைப்பட) அகாடமி 2008-இலிருந்து ஆவணப்படங்களுக்கும் குறும்படங்களுக்கும் என்றே தனியாகச் சர்வதேச விழா நடத்துகிறது. திருவனந்தபுரத்தில் கைரளி, ஸ்ரீ, நிளா என்று ஒரே வளாகத்தில் மூன்று திரை. விழுப்புரத்தில் அனந்தபுரி எக்ஸ்பிரஸ் ஏறினால் போதும். மும்பையில் 1990-இல் தொடங்கிய சர்வதேச விழாவும் ஆவணப்படம், குறும்படம், அனிமேஷன் மூன்றுக்குமானது, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிறது. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஆரோவில் திரைப்பட விழா இருக்கிறது, 2009-இல் தொடங்கியது.

"கானில் தேர்வான படம்" என்று போஸ்டர் போடுகிறவர்களைப் பார்த்தும் மயங்க வேண்டாம். பிரான்ஸில் நடக்கும் கான் விழாவின் குறும்படப் போட்டிக்கு எடுப்பது ஏறக்குறைய பத்துப் பதினொரு படங்கள்தான், அதுவும் 15 நிமிடத்துக்குள். அங்கேயே குறும்படங்களுக்கு ஒரு சந்தை உண்டு, பணம் கட்டிப் பதிவு செய்துகொள்கிற இடம் அது. அதில் பேர் கொடுத்ததைத்தான் பலர் தேர்வு என்று எழுதிக்கொள்கிறார்கள்.

சரி, உங்கள் படத்துக்கு வருகிறேன். அனுப்பிய லிங்கை இரண்டு தடவை பார்த்தேன். விடியும் முன் ஏலம் முடிந்ததும் உங்கள் அத்தை ஈரத்துணியைச் சுருட்டிச் சும்மாடு கட்டி, கூடையைத் தூக்கிவிட ஆள் தேடித் திரும்பிப் பார்க்கிறாரே, யாரும் வராமல் அரை நிமிடம் அப்படியே நிற்கிறாரே, அதை வெட்டாமல் விட்டீர்கள் பாருங்கள், அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அதே காட்சியில் அவர் "இன்னிக்குப் பாடே இல்ல" என்கிறார். கீழே ஆங்கிலத்தில் 'இன்று கஷ்டம் எதுவும் இல்லை' என்று அர்த்தம் வருகிற மாதிரி போட்டிருக்கிறீர்கள்! பாடு என்றால் கடற்கரையில் மீன்பாடு, வலையில் சிக்கியது. அத்தை சொன்னதற்கு நேர் எதிராகத்தான் வெளியூர் நடுவர் படித்திருப்பார். சப்டைட்டில் போட்டவர் இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்தவராக இருக்கலாம், கடற்கரைப் பேச்சு தெரியாதவர். அத்தையைப் பக்கத்தில் உட்காரவைத்து வரிவரியாகக் கேட்டுத் திருத்துங்கள். கோப்பையைவிட முக்கியமான வேலை இது.

கேள்வி: 22 நிமிடம் அதிகமா? படத்தை யூடியூபில் போட்டுவிட்டு விழாக்களுக்கு அனுப்பலாமா?
- அதே வாசகி

பதில்: அதிகமில்லை. ஆஸ்கர் கணக்கில் 40 நிமிடம் வரை குறும்படம்தான். 2023-இல் முதுமலை பொம்மன், பெள்ளி தம்பதியைப் பற்றிய படம் வாங்கிய விருதும் குறு ஆவணப்படப் பிரிவில்தான். ஆனால் விழாவுக்கு விழா அளவு மாறும், விதியைப் படியுங்கள்.

யூடியூபில் இப்போது வேண்டாம். எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் வந்துவிட்ட படத்தை எடுக்காத விழாக்கள் பல. பாஸ்வேர்டு போட்ட லிங்க் மட்டும் அனுப்புங்கள். ஒரு வருஷம் விழாக்களில் சுற்றிவிட்டு அப்புறம் போட்டால் போதும்.

கேள்வி: குறும்படத்துக்கு சென்சார் வேண்டுமா?
- ஒரு கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: விழாவில் திரையிட மட்டும் என்றால், விழா நடத்துகிறவர்களே தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விலக்கு வாங்குவார்கள். தேசிய விருதுக்கு அனுப்ப நினைத்தால் சான்றிதழ் கட்டாயம், அதுவும் அந்தந்த ஆண்டுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். டிசம்பரில் ஓடாதீர்கள்.

கேள்வி: எங்கள் படத்தில் ஷேர் ஆட்டோவில் ஒரு சினிமாப் பாட்டு ஓடுகிறது. நாங்கள் சேர்த்ததில்லை, அங்கே தானாக ஓடியது. பிரச்சினை வருமா?
- ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: வரும். பாட்டு யாருடையதோ அவரிடம் அனுமதி வாங்கினீர்களா என்று படிவத்திலேயே கேட்பார்கள், நீங்கள்தான் கையெழுத்துப் போட வேண்டும். தானாக ஓடியது என்று சொன்னால் எடுபடாது. இசை நிறுவனத்திடம் அனுமதி கேட்கலாம், ஆனால் தொகை உங்கள் மொத்தச் செலவைவிட அதிகமாகவே இருக்கும். யாரும் பேசாத இடங்களில் அந்த ஒலியை எடுத்துவிட்டு வேறு ஒலி வைப்பதுதான் வழி. அதே ஆட்டோவில், அதே சாலையில், இன்ஜின் சத்தமும் ஹாரனும் துறைமுகத்துக் காற்றும் மட்டும் ஐந்து நிமிடம் பதிவு செய்துகொண்டு வாருங்கள். டிரைவரிடம் விஷயத்தைச் சொன்னால் ஒரே ஒரு டிரிப் பாட்டை நிறுத்திவிட்டு ஓட்டமாட்டாரா?