வீடு புகுந்து திருடியதாக வழக்குப் போட்டிருக்கிறார்கள். எவ்வளவு தண்டனை வரும், வெளியே வர வழி உண்டா?

உங்கள் வீட்டுப் பையன் யாரோ மாட்டியிருக்கிறான் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். திருடனுக்கு வக்காலத்தா என்று சண்டைக்கு வருகிறவர்கள் தயவுசெய்து முழுசாகப் படித்துவிட்டு வாருங்கள்.

தண்டனை சின்னதில்லை. சூரியன் மறைந்த பிறகு, விடிவதற்குள் பூட்டை உடைத்துத் திருடப் புகுந்தால் இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 331(4)-ம் பிரிவின்படி 14 வருஷம் வரை, பகலென்றால் 10 வரை. வீட்டுக்குள் திருடியதற்கு 305-ம் சேரும், அது 7 வரை. சம்பவம் 2024 ஜூலை 1-க்கு முந்தியது என்றால் இவற்றுக்குப் பதில் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 457, 454, 380. இதெல்லாம் உச்சவரம்புதான்.

என் சித்தப்பா மகன் மேல் பழைய 457, 380 போட்டார்கள். பார்த்த சாட்சி இல்லை, கைரேகை இல்லை. இருந்தது ஒரு ஒப்புதல் வாக்குமூலமும் ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசும். போலீஸிடம் ஒப்புக்கொண்டது கோர்ட்டில் செல்லாது, ஆனால் அதை வைத்துப் பொருளை எடுத்தால் அந்தப் பகுதி மட்டும் செல்லும், ஆக மொத்த வழக்கும் கொலுசில் தொங்கியது. மகஜரில், அதாவது பொருளைக் கைப்பற்றும்போது சாட்சிகள் முன்னால் எழுதும் பதிவில், அவன் வீட்டில் கைப்பற்றியதாக இருக்கிறது. குறுக்கு விசாரணையில் மகஜர் சாட்சி "கையெழுத்து ஸ்டேஷன்லதாங்க போட்டேன்" என்றார். எஃப்.ஐ.ஆரில் முத்து வைத்த கொலுசு, கோர்ட்டில் காட்டியதோ முத்தில்லாத வெறும் சங்கிலிக் கொலுசு. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை செய்தார்கள்.

அதனால் எஃப்.ஐ.ஆர். நகலையும் மகஜரையும் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பாருங்கள். "ஒத்துக்கோ, உள்ளே இருந்த நாளோட முடிஞ்சிடும்" என்று யாராவது ஆசை காட்டுவார்கள், எங்களுக்கும் காட்டினார்கள். செய்யாததை ஒத்துக்கொண்டு தண்டனை பதிவாகிவிட்டால், அடுத்த முறை இதே மாதிரி வழக்கில் தண்டனை வந்தால் நியாய சன்ஹிதாவின் 13-ம் பிரிவில் ஆயுள் வரை போகலாம். வக்கீலுக்குக் காசில்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாகத் தருவார்கள்.

கைதான அன்றே என் சித்தப்பா மகன் படத்தைத் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட மகராசன், விடுதலையானதைப் போடச் சொன்னால் "குரூப்பில் பர்சனல் மேட்டர் வேண்டாம்" என்கிறார். போலீஸ் எடுத்துப்போன அந்தக் கொலுசு அவன் பெண்டாட்டியுடையது. அதை வாங்கத் தனியாக மனுப் போட்டு அலைந்துகொண்டிருக்கிறோம்.