காலையில் சமர்த்து, சூட்டில் அடம்: சென்சாரா, கனெக்டரா?

கேள்வி: என்னுடையது 2007 மாடல் பெட்ரோல் கார். காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது. கடலூரிலிருந்து புதுச்சேரி வரை ஓட்டிப்போய், டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் அடம்பிடிக்கிறது. பெட்ரோல் வாடை, கறுப்புப் புகை வேறு. டெம்பரேச்சர் முள் சரியாகத்தான் நிற்கிறது. ஈசிஎம் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போய்விட்டது என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?
- ஒரு வாசகர், மஞ்சக்குப்பம்

பதில்: ஈசிஎம்மில் இப்போதைக்குக் கைவைக்காதீர்கள். எனக்குச் சந்தேகம் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் சூட்டை ஈசிஎம்முக்குச் சொல்லும் சென்சார் மேல்தான். முள்ளை நம்ப வேண்டாம். பல பழைய வண்டிகளில் முள்ளுக்கு ஒற்றை வயர் சென்சார், ஈசிஎம்முக்கு இரண்டு வயர் சென்சார் என்று தனித்தனியாக இருக்கும்.

இரண்டு வயர் சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, சென்சாரின் இரு பின்களில் மல்டிமீட்டர் வையுங்கள். ஆறிய எஞ்சினில் 2000 ஓம் பக்கம் காட்டும். 80 டிகிரி சூட்டில் 300 பக்கம் இறங்கணும். மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும். இறங்கவே இல்லையென்றால் சென்சார் அவுட்.

ஒழுங்காக இறங்கினால்? கனெக்டர் பின்களைப் பாருங்கள். நம் ஊர் உப்புக் காற்றுக்குப் பச்சை பூத்திருக்கும். அந்தப் பச்சை ஒரு 500 ஓம் தடை போட்டால், காலையில் 2000-உடன் சேர்ந்து பெரிதாகத் தெரியாது. சூட்டில் 300 என்பது 800 ஆகிவிடும். எஞ்சின் பாதிதான் சூடாகியிருக்கிறது என்று நம்பி ஈசிஎம் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். காலையில் சமர்த்தாக இருப்பது அதனால்தான். கான்டாக்ட் கிளீனர் அடித்து, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் பாதி வண்டிகள் அதிலேயே சரியாகிவிடும்.

இன்னொன்று, "இந்த வெயிலுக்கு எதற்கு?" என்று யாராவது தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் வால்வு) கழற்றிவிட்டார்களா என்றும் விசாரியுங்கள். அப்படியானால் எஞ்சின் நிஜமாகவே முழுதாகச் சூடாகாது. சென்சார் உண்மையைத்தான் சொல்லும்.

மாற்றித்தான் ஆகணும் என்றால் எஞ்சின் நன்றாக ஆறட்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கை வெந்துவிடும். புது சென்சாரைப் புது வாஷரோடு கையாலேயே முறுக்கித் தொடங்கி, கடைசியில் மட்டும் ஸ்பேனரால் அளவாக இறுக்குங்கள். அலுமினிய மரை சீக்கிரம் போய்விடும். சிந்திய கூலன்டை நிரப்பி, ஹீட்டரை முழுசூட்டில் வைத்து எஞ்சினை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றுங்கள். உள்ளே காற்று நின்றால் புது சென்சாரும் தப்பாகத்தான் காட்டும்.